புதிய குரலுக்கு ஓர் இடம்

என் அறைப் புத்தக அலமாரியில், திருப்புகழ்மாலை நூல்களுக்கு அருகே, ஓரடிச் சதுர அட்டை ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. அதில் மூன்று வானதூதர்கள். வெண்ணிற ஆடை அணிந்து, முதுகில் சிறகுகளோடு அமர்ந்திருக்கிறார்கள். ஆனால் அவர்கள் இறைவனின் அரியணைமுன் நின்று புகழ் பாடவில்லை. சிகரெட்டுப் புகைத்தபடி சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைக் காண வருவோரின் பார்வை அந்த அட்டையில் தடுக்கி நிற்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். கேட்கத் துணிபவர் சிலரே. "சாமி, சின்னப் பிள்ளைகள் வந்து போகிற இடம். அதை உள்ளே எடுத்து வைத்துவிடலாமே" என்று பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவர் பணிவோடு சொன்னார். அன்று நான் அவருக்கு அளித்த விடை சுருக்கமானது. விரிவான விடையை இங்கே எழுதுகிறேன். அது ஓர் இசைத்தட்டைப் பற்றியது மட்டுமன்று. என் குருத்துவ வாழ்வில் நான் வெட்கப்படும் ஒரு செயலைப் பற்றியதும் ஆகும்.

அந்த அட்டை ஓர் இசைத்தட்டின் உறை. 1980ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வெளிவந்தது. 'பிளாக் சாபத்' என்னும் ஆங்கிலேய இசைக்குழுவின் ஒன்பதாவது தொகுப்பு. அதன் பெயர் 'ஹெவன் அண்ட் ஹெல்'. அதாவது, விண்ணகமும் நரகமும். 1928இல் எடுக்கப்பட்ட ஒரு நிழற்படத்தில், கல்லூரி விழா ஒன்றுக்காக வானதூதர் வேடமிட்ட பெண்கள், மேடைக்குப் பின்னால் புகைபிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படத்திலிருந்து பிறந்ததே லின் கர்லி என்பவர் வரைந்த இவ்வோவியம். வேடம் வானதூதர், உள்ளே இருப்பவர் மனிதர். குருவாகிய எனக்கு இதைவிடப் பொருத்தமான படம் வேறு உண்டோ என்று சில இரவுகளில் எண்ணிக்கொள்வேன்.

2018ஆம் ஆண்டு என் ஆயர் என்னை இங்கிலாந்தின் பர்மிங்காம் நகருக்கு அனுப்பினார். அங்கே குருக்களின் எண்ணிக்கை குறைந்துவிட்டதால், நம் நாட்டிலிருந்து சென்று பணிபுரிவோர் பலர். நகரின் வடபகுதியில், பழைய தொழிலாளர் குடியிருப்புகள் சூழ்ந்த ஒரு பங்கு எனக்கு ஒப்படைக்கப்பட்டது. எனக்கு முன்பு அங்கே இருந்தவர் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, முதுமையின் காரணமாக ஓய்வு பெற்றவர். அந்த மக்களில் பாதிப்பேருக்குத் திருமுழுக்கு அளித்தவர் அவர். மீதிப்பேரின் பெற்றோரை அடக்கம் செய்தவரும் அவரே.

மக்கள் என்மீது அன்பாகவே இருந்தார்கள். குளிருக்குக் கம்பளியும், ஞாயிறு மதியம் உணவும் கொண்டுவந்தார்கள். ஆனால் ஒவ்வோர் அன்புச் செயலின் முடிவிலும் ஒரு வாக்கியம் காத்திருந்தது. "எங்கள் ஃபாதர் இதை இப்படித்தான் செய்வார்." அறிவிப்புகளை எந்த இடத்தில் வாசிப்பார், குழந்தைகளிடம் எந்த நகைச்சுவையைச் சொல்வார், கல்லறையில் மழை பெய்தால் மன்றாட்டுகளை எவ்வளவு விரைவாக முடிப்பார் என்பதெல்லாம் எனக்குக் கற்பிக்கப்பட்டன. "எங்கள் ஃபாதர்" என்ற சொல் என்னைக் குறிக்கவில்லை என்பதை நான் புரிந்துகொள்ள ஒரு மாதம் பிடித்தது.

நான் ஒரு தவறான முடிவுக்கு வந்தேன். அவரைப்போல் ஆகிவிடுவது என்பதே அது. அவர் சொன்ன நகைச்சுவைகளைக் கேட்டறிந்து நானும் சொன்னேன், ஒருவரும் சிரிக்கவில்லை. அவரைப்போலக் கைதட்டிக் குழந்தைகளை அழைத்தேன். அவர்கள் தாயின் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். மறையுரையில் அவருடைய ஊர்ப் பேச்சின் சாயலைக் கொண்டுவர முயன்று, என் ஆங்கிலத்தையும் இழந்தேன். தோல்வி கசப்பாயிற்று; கசப்பு பொறாமையாயிற்று. கோவில் மண்டபத்தின் நடைவழியில் அவருடைய பெரிய நிழற்படம் மாட்டப்பட்டிருந்தது. சுவருக்கு வண்ணம் பூசவேண்டும் என்று சொல்லி அதைக் கழற்றச் செய்தேன். வண்ணம் பூசிக் காய்ந்தபின்னும் அதை நான் மாட்டவில்லை. பொருள்வைப்பு அறையில், உடைந்த மெழுகுதிரித் தண்டுகளுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி அது மூன்று மாதம் கிடந்தது. கேட்டவர்களுக்கு "ஆணி சரியில்லை" என்றேன்.

அந்தப் பங்கில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தார். தகட்டு ஆலை ஒன்றில் வாழ்நாளெல்லாம் உழைத்தவர், மனைவியை இழந்தவர். நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வந்து கடைசி வரிசையில் அமர்வார். நிழற்படம் எங்கே என்று என்னிடம் கேட்காதவர் அவர் ஒருவரே. ஒரு மாலை என்னைத் தேநீர் அருந்த வீட்டுக்கு அழைத்தார். கூடத்தின் மூலையில் இசைத்தட்டுப் பெட்டி ஒன்று இருந்தது. "ஃபாதர், நீங்கள் இதைக் கேட்கவேண்டும்" என்று சொல்லி, இந்த உறையிலிருந்து கரிய தட்டை இரு உள்ளங்கைகளின் ஓரத்தால் பிடித்து எடுத்தார். அப்பத்தட்டை எடுக்கும் கவனம் அந்தக் கைகளில் இருந்தது.

குழுவின் பெயரைக் கேட்டதும் நான் தயங்கினேன். 'கருப்பு ஓய்வுநாள்' என்று பொருள்படும் பெயர். சாத்தானை வழிபடுவோர் என்று ஒரு காலத்தில் பழிக்கப்பட்ட குழு. என் தயக்கத்தைக் கண்டு அவர் சிரித்தார். ஊசியை வைப்பதற்கு முன்பாக, தம் ஊர்ப் பிள்ளைகளின் கதையைச் சொன்னார். அவர் சொன்னவற்றையும் பின்னர் நான் படித்தறிந்தவற்றையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதியைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள் 1968இல் ஒன்றுசேர்ந்தார்கள். கித்தார் வாசித்த டோனி அயோமி, பேஸ் கித்தார் வாசித்த கீசர் பட்லர், முரசறைந்த பில் வார்டு, பாடகர் ஓசி ஆஸ்போர்ன். போரிஸ் கார்லாஃப் நடித்த ஒரு திகில் திரைப்படத்தின் பெயரையே அவர்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். பட்லர் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். 1971இல் வெளியான அவர்களுடைய மூன்றாவது தொகுப்பில், கடவுளை மறுப்போரை நோக்கிச் சாவுக்குப் பின் என்ன என்று கேட்கும் பாடல் ஒன்றை எழுதியவரும் அவரே. அவர்கள் கழுத்தில் அணிந்த சிலுவைகளைச் செய்து கொடுத்தவர் ஆஸ்போர்னின் தந்தை. அச்சமூட்டும் பெயருக்குப் பின்னால், மகனுக்காகச் சிலுவை செய்த ஒரு தந்தை இருந்தார் என்பது எனக்குப் புதிய செய்தி.

அயோமிக்குப் பதினேழு வயதானபோது, தகட்டு ஆலையில் அவருடைய கடைசி வேலைநாளன்று, இயந்திரம் அவருடைய வலக்கையின் நடு இரு விரல்களின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். ஆதலால் தந்திகளை அழுத்த வேண்டிய விரல்கள் அவைதாம். மனமுடைந்து கிடந்தவரிடம் ஆலை மேற்பார்வையாளர் ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரு விரல்கள் செயலிழந்தபின்னும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்னும் கலைஞரின் தட்டு அது. அயோமி நெகிழிப் புட்டி ஒன்றை உருக்கி விரல்நுனிகளுக்கு உறைகள் செய்து, அவற்றின்மேல் தோலை ஒட்டிக்கொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர் அவற்றின் இறுக்கத்தையும் தளர்த்தினார். இறுக்கம் தளர்ந்தபோது சுருதி தாழ்ந்தது, ஓசை கனத்தது. இன்று உலகம் 'ஹெவி மெட்டல்' என்று அழைக்கும் இசையின் கனத்தில் ஒரு பங்கு, ஆலைத் தொழிலாளி ஒருவரின் காயத்திலிருந்து வந்தது.

1970 முதல் 1978 வரை ஆஸ்போர்னின் குரலில் எட்டுத் தொகுப்புகள் வெளிவந்தன. புகழும் பணமும் வந்தன. அவற்றோடு குடியும் போதைப்பொருளும் வந்தன. 1979இல் ஆஸ்போர்ன் குழுவிலிருந்து நீக்கப்பட்டார். அச்செய்தியை அவரிடம் சொல்லும் பொறுப்பு அவருக்கு மிக நெருங்கிய நண்பரான வார்டின்மேல் விழுந்தது. "நால்வரும் குடித்தார்கள், ஃபாதர். வெளியே அனுப்பப்பட்டவன் ஒருவன்" என்றார் பெரியவர். அந்த வாக்கியத்தில் நாற்பது ஆண்டுகளாக ஆறாத வருத்தம் இருந்தது.

ஆஸ்போர்னின் இடத்துக்கு வந்தவர் ரானி ஜேம்ஸ் டியோ. இத்தாலிய வழிவந்த அமெரிக்கர். இயற்பெயர் ரொனால்டு ஜேம்ஸ் படவோனா. 'ரெயின்போ' என்னும் குழுவில் ஏற்கெனவே பாடிப் பெயர் பெற்றவர். சிறுவயதில் எக்காளம் பயின்றவர். அதனால் கிடைத்த மூச்சுப் பயிற்சியே தம் குரலுக்கு அடித்தளம் என்று சொல்லிவந்தார். ஆஸ்டனில் பிறக்கவில்லை, ஆலையில் உழைக்கவில்லை, பர்மிங்காமின் பேச்சுநடையும் அவருக்கு இல்லை. எல்லா வகையிலும் வெளியார். என் காதுகள் கூர்மையாயின. பெரியவர் என்னை ஏன் அழைத்தார் என்பது அப்போதுதான் விளங்கத் தொடங்கியது.

"இது வெளிவந்தபோது நான் வாங்கவில்லை. ஓசி இல்லாத சாபத் எனக்குத் தேவையில்லை என்று சொல்லிவிட்டேன். என் மனைவிதான் பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தாள். ஒரு மாதம் ஊசியின்கீழ் வைக்கவில்லை. 'கேட்காமலே வெறுக்கிறாயே, அந்த மனிதன் உனக்கு என்ன செய்தான்?' என்று கேட்டாள்" என்றார். பிறகு ஊசியை வைத்தார்.

முதல் பாடல் விரைவாகப் பாய்ந்தது. என் செவிக்கு அது இரைச்சலாகவே பட்டது, மறைக்க விரும்பவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். ஆஸ்போர்ன் பாடியபோது, அவருடைய குரல் பெரும்பாலும் கித்தாரின் சுரவரிசையையே தொடர்ந்து செல்லும். 1970இல் வெளியான 'அயர்ன் மேன்' பாடலில் கித்தார் ஏறினால் குரலும் ஏறும், இறங்கினால் இறங்கும். அதற்கும் ஒரு வலிமை உண்டு. ஆலையின் இயந்திரத்தோடு சேர்ந்து நடக்கும் தொழிலாளியின் நடையைப் போன்றது அது. டியோ அப்படிப் பாடவில்லை. கித்தாரின் குறுக்கே, தனக்கென ஒரு மெட்டில், அவருடைய குரல் சென்றது. அதற்கு ஏற்பக் கித்தாரின் நடையும் மாறவேண்டியிருந்தது. புதியவரோடு அவர்கள் முதலில் உருவாக்கிய பாடல் இத்தட்டின் இரண்டாவது பாடலாகிய 'சில்ட்ரன் ஆஃப் த சீ'. அதன் மென்மையான தொடக்கத்தைக் கேட்டபோது நானே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாடல், தட்டுக்குப் பெயர் தந்த பாடல். ஏறத்தாழ ஏழு நிமிடம். கனத்த கித்தார் ஒலியோடு தொடங்குகிறது. ஆனால் பாடகர் வாய் திறக்கும்போது அந்தக் கித்தார் ஒதுங்கிக்கொள்கிறது. பேஸ் கித்தாரின் சீரான துடிப்பும் முரசும் மட்டும் கீழே நடக்க, அவற்றின்மேல் குரல் தனியே நிற்கிறது. "கவனியுங்கள், ஃபாதர்" என்று விரலை உயர்த்தினார் பெரியவர். "இந்தக் குழுவுக்கு அடையாளமே டோனியின் கித்தார். அந்த டோனி புதிதாக வந்தவனுக்காக வாசிக்காமல் இருக்கிறார்."

பாடல் பின்னர் வேகமெடுத்து, புயலென எழுந்து, முடிவில் ஒற்றைக் கித்தாரின் மெல்லிய தந்தியொலியில் அடங்கியது. ஊசி உள்வட்டத்தை அடைந்து சரசரத்தது. அவர் எழுந்து தட்டைத் திருப்பப் போனார். நிமிடத்துக்கு முப்பத்துமூன்றும் மூன்றில் ஒன்றுமான சுழற்சியில், பக்கத்துக்கு ஏறத்தாழ இருபது நிமிடம் ஓடும் தட்டு அது. பாதியில் ஒருவர் எழுந்து சென்று திருப்பினாலன்றி மறுபாதி ஒலிக்காது. அந்த இடைவெளியின் மௌனத்தில் எனக்குப் பொருள்வைப்பு அறையும், சுவரைப் பார்த்துக் கிடக்கும் நிழற்படமும் நினைவுக்கு வந்தன.

அன்று அவர் சொன்ன மற்றொரு செய்தியை நான் பல மறையுரைகளில் சொல்லியிருக்கிறேன். ஆஸ்போர்ன் மேடையில் இரு கைகளையும் உயர்த்தி, விரல்களால் அமைதிச் சின்னம் காட்டுவது வழக்கம். மக்களுக்கு அது மிகப் பிடித்தமானது. புதியவர் அதையே செய்தால் எளிதில் கைதட்டல் கிடைத்திருக்கும். டியோ அதைச் செய்ய விரும்பவில்லை. அது ஓசிக்கு உரியது என்று கருதினார். ஆனால் மக்களோடு பேச அவருக்கும் ஒரு சைகை வேண்டியிருந்தது. தம் பாட்டியை நினைத்தார். அந்த இத்தாலிய மூதாட்டி, கண்ணேறு படாமலிருக்க, சுட்டுவிரலையும் சிறுவிரலையும் நீட்டி ஒரு சைகை காட்டுவாராம். கண்ணேறு என்பதை நம் ஊர்ப் பாட்டிகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அந்தச் சைகையைத்தான் டியோ மேடைக்குக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் அவ்விசையை விரும்புவோர் காட்டும் அடையாளம் அது. சாத்தானின் கொம்பு என்று பலர் நினைப்பது, தீமையை விரட்ட ஒரு பாட்டி காட்டிய சைகை!

ஆனால் என்னைத் தொட்டது அந்தச் சைகையின் வரலாறன்று. முன்னவரின் சின்னத்தை அவரிடமே விட்டுவிட்டு, தம் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்து வந்தாரே, அதுதான். நான் இதற்கு நேர்மாறாகச் செய்திருந்தேன். முன்னவரின் நகைச்சுவையை எடுத்துக்கொண்டேன்; அவருடைய படத்தை மறைத்தேன். எடுக்கக் கூடாததை எடுத்து, விட்டுவைக்க வேண்டியதை அகற்றினேன். பின்பற்றுதலும் பொறாமையும் ஒரே வேரிலிருந்து முளைப்பவை என்பதை அன்று கண்டேன். இரண்டுமே "நான் அவராக இல்லையே" என்ற ஏக்கத்தின் கிளைகள்.

இந்தத் தட்டின் வரலாறு முழுவதும் வெற்றியின் வரலாறு என்று சொன்னால் அது பொய்யாகும். பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 9ஆம் இடம்வரை உயர்ந்தது உண்மை. சோர்ந்திருந்த குழுவுக்கு மறுவாழ்வு தந்ததும் உண்மை. ஆனால் முரசறைந்த பில் வார்டு, குடியின் பிடியில் இருந்ததால், இத்தட்டைப் பதிவு செய்த நாள்களே தமக்கு நினைவில்லை என்று பின்னாளில் வருந்திச் சொன்னார். அவ்வாண்டு ஆகஸ்டில், இசைப்பயணத்தின் நடுவிலேயே அவர் விலகிச் சென்றார். வெளியேற்றப்பட்ட ஆஸ்போர்னோ, 1980 செப்டம்பரில் தம் சொந்தத் தொகுப்பை வெளியிட்டு, முன்னிலும் பெரும் புகழ் பெற்றார். ஒரு வாசல் மூடியது. இரண்டு வாசல்கள் திறந்தன. ஆனாலும் மூடிய வாசலின் ஓசை யாருக்கும் மறக்கவில்லை. டியோவும் நிலைத்திருக்கவில்லை. 1982இல் அவரும் விலகினார். மறுபடியும் 1992இல் ஒரு தொகுப்பு, மறுபடியும் விலகல். 2006இல் மீண்டும் ஒன்றுசேர்ந்தபோது பழைய பெயரை அவர்கள் பயன்படுத்தவில்லை. இத்தட்டின் பெயரையே குழுவின் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். 2010 மே 16 அன்று டியோ வயிற்றுப் புற்றுநோயால் இறந்தார். புதிய குரலாக வந்தவரும் ஒருநாள் பழைய குரலானார்.

அவ்விசையின் அன்பர்கள் இன்றும் இரு கட்சியாக இருக்கிறார்கள் என்று பெரியவர் சொன்னார். ஓசியே உண்மையான பாடகர் என்பார் சிலர். டியோவே சிறந்தவர் என்பார் சிலர். எனக்குக் கொரிந்து நகரத் திருச்சபை நினைவுக்கு வந்தது. நான் பவுலைச் சார்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சார்ந்தவன் என்று அங்கும் பிரிந்து நின்றார்கள். நட்டவன் ஒருவன், நீர் பாய்ச்சியவன் வேறொருவன், விளைச்சல் தந்தவரோ கடவுள் என்று பவுல் அவர்களுக்கு நினைவூட்டினார். குருமடத்தில் அந்தத் திருமுகத்தை மூலமொழிச் சொற்களோடு படித்துத் தேர்வெழுதியவன் நான். ஆயினும் அது எனக்காக எழுதப்பட்டது என்று உணர, தகட்டு ஆலைத் தொழிலாளி ஒருவரின் கூடத்தில் அமரவேண்டியிருந்தது.

மறுநாள் காலைத் திருப்பலிக்கு முன்பு நிழற்படத்தைத் துடைத்து, பழைய இடத்தில் மாட்டினேன். அடுத்த ஞாயிறன்று மறையுரையில், அதை நானே மறைத்து வைத்திருந்தேன் என்பதையும், ஆணி சரியாகவே இருந்தது என்பதையும் சொன்னேன். கோவிலில் சிறிது நேரம் ஓசையே இல்லை. பிறகு எங்கோ ஒருவர் சிரித்தார், பலர் சிரித்தார்கள். அந்தப் பங்கில் என் சொல்லுக்கு மக்கள் சிரித்தது அதுவே முதல்முறை. ஓய்வு இல்லத்தில் இருந்த முன்னவரைச் சென்று பார்த்தேன். அவரிடமும் சொன்னேன். "என் முன்னவரின் நாற்காலியை நான் தூக்கி எறிந்தேன். நீங்கள் என்னைவிட நல்லவர்" என்றார் அவர்.

அதன்பின் எல்லாம் மாறிவிட்டது என்று எழுத மாட்டேன். நம் ஊரில் செய்வதுபோல் மாலை வேளைகளில் வீடுவீடாகச் சென்று மன்றாடத் தொடங்கினேன். அது என் பாட்டியின் வீட்டிலிருந்து நான் எடுத்துச் சென்றது எனலாம். சிலர் கதவைத் திறந்தார்கள்; சிலர் திறக்கவில்லை. ஒரு மூதாட்டி கடைசிவரை முன்னவரின் பெயராலேயே என்னை அழைத்தார். நானும் அந்தப் பெயருக்கு "ஆம்" என்று மறுமொழி சொல்லப் பழகிக்கொண்டேன்.

2019ஆம் ஆண்டு நகரின் பிராட் தெருவில், கால்வாய்மேல் உள்ள ஒரு பாலத்துக்கு அக்குழுவின் பெயரைச் சூட்டி, அதன்மீது ஓர் இரும்பு இருக்கையை அமைத்தார்கள். முதல் நால்வரின் முகங்கள் அதில் இடம்பெற்றுள்ளன. பெரியவரும் நானும் ஒரு பிற்பகல் அதைப் பார்க்கச் சென்றோம். நான் முகங்களை எண்ணிவிட்டு, "டியோ இல்லையே" என்றேன். அவர் தோளைக் குலுக்கினார். "இது பர்மிங்காமில் பிறந்தவர்களுக்கான இருக்கை. அவர் தட்டில் இருக்கிறார், ஃபாதர். அது போதாதா?" என்றார். பின்வந்தவர்களுக்கு இருக்கை கிடைப்பது அரிது. அவர்கள் பாடியது மட்டும் பள்ளக்கோட்டில் பதிந்து கிடக்கிறது. யாரேனும் ஊசியை வைக்கும்போது ஒலிக்கிறது. அது போதும் என்று சொல்ல எனக்கு மேலும் சில ஆண்டுகள் தேவைப்பட்டன.

2023இல் நான் நாடு திரும்பும் நாள் வந்தது. "உங்களைப்போல் ஒருவர் எங்களுக்கு இனிக் கிடைக்க மாட்டார்" என்று மக்கள் கண்ணீரோடு சொன்னார்கள். எவ்வளவு இனிமையான சொற்கள்! அந்த இனிமையை நாவில் வைத்துச் சுவைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அடுத்து வரவிருந்த இளங்குருவின் முகம் அப்போது என் மனக்கண்முன் வரவில்லை. பெரியவர்தான் நினைவூட்டினார். இந்தத் தட்டை என் கையில் கொடுத்து, "வருகிறவருக்கு இதைப் போட்டுக்காட்ட என்னிடம் வேறொரு பிரதி வாங்கி வைத்திருக்கிறேன்" என்றார். விடைபெறும் திருப்பலியில் என்னைப் பற்றி ஆயத்தம் செய்திருந்த பத்தியை விட்டுவிட்டு, வரவிருக்கும் குருவின் பெயரைச் சொல்லி, அவருக்காக மன்றாடும்படி மட்டும் கேட்டேன்.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனில் உள்ள வில்லா பார்க் கால்பந்து அரங்கில், முதல் நால்வரும் கடைசி முறையாக ஒன்றுசேர்ந்து இசைத்தார்கள். நோயுற்றிருந்த ஆஸ்போர்ன் அரியணை போன்ற இருக்கையில் அமர்ந்தபடியே பாடினார். 1979இல் அந்தக் கசப்பான செய்தியைச் சுமந்து சென்ற வார்டு, அவருக்குப் பின்னால் அமர்ந்து முரசறைந்தார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22 அன்று, ஆஸ்போர்ன் இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலம் அந்தப் பாலத்தில் நின்று சென்றது. இருக்கை மலர்களால் மூடப்பட்டிருந்தது. இங்கிருந்தபடி அந்தக் காட்சியைப் பார்த்தேன். நீக்கப்பட்டவரும் நீக்கியவர்களும் ஒரே மேடையில் முடித்தார்கள் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது.

விண்ணகம், நரகம் என்பவற்றை நாங்கள் குருமடத்தில் இறுதி நிலைகள் என்னும் பாடத்தில் படித்தோம். 1999ஆம் ஆண்டு ஜூலையில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் புதன் மறைக்கல்வி உரைகளில், நரகம் என்பது ஓர் இடம் என்பதைவிட, கடவுளிடமிருந்து தன்னையே பிரித்துக்கொண்டவரின் நிலை என்று விளக்கினார். அந்த இசைக்குழுவினர் இறையியலார் அல்லர். ஆனால் இரண்டும் மனிதனின் தேர்வில் இருக்கின்றன என்னும் எண்ணம் அந்தப் பாடலிலும் உண்டு. என் அனுபவத்திலிருந்து ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். தன் குரல் மட்டுமே ஒலிக்கவேண்டும் என்று விரும்புகிறவன், நரகத்தின் வாசற்படியில் நிற்கிறான். பிறர் குரலுக்காகத் தன் கித்தாரைச் சிறிது நேரம் தாழ்த்துகிறவன், விண்ணகத்தின் இசையை ஏற்கெனவே பயிலத் தொடங்கிவிட்டான்.

இந்த ஆண்டு எனக்கு மீண்டும் பணிமாற்றம். இங்கே என் இடத்துக்கு வருபவர் என்னைவிட இருபது வயது இளையவர். நன்றாகப் பாடுவார் என்கிறார்கள். என்னிடம் தட்டு இருக்கிறது. அதை ஒலிக்கச் செய்யும் கருவி இல்லை. ஆகவே அவருக்குப் போட்டுக்காட்ட இயலாது. சாவியை ஒப்படைக்கும் நாளில், அலமாரியில் உள்ள இந்த மூன்று வானதூதர்களைக் காட்டி, கதையைச் சொல்வேன். நடைவழியில் என் படத்தை மாட்டுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.